படைமுகாமில் அலுவலகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1860-களில் கட்டிய படைவீரர் குடியிருப்பு, இரண்டு கிடங்குகள், அணிவகுப்பு மைதானம். இவற்றை அலுவலக வளாகமாக்கப் போகிறோம். முதலில் அழைக்க வேண்டியது கட்டடக்கலைஞரையா, பொறியாளரையா?

பதில்: இருவருக்கும் முன்னால் மண்ணைச் சோதிப்பவரை. சுடுபயிற்சித் திடல் இருந்திருந்தால், குண்டுகளைத் தடுக்கும் அதன் பின்பக்க மண்மேட்டில் ஈயக் குண்டுகள் புதைந்திருக்கும். வண்டிப் பட்டறையை ஒட்டி எண்ணெய்த் தொட்டிகள் மண்ணுக்கடியில் கசிந்திருக்கலாம். ஈயம் கலந்த பழைய பெயின்ட் உதிர்ந்து சுவரோர மண்ணில் சேர்ந்திருக்கும். வெடிக்காத குண்டுகளைத் தேடக் காந்தமானி மட்டும் போதாது. அது இரும்பைத்தான் காட்டும். பித்தளை, அலுமினிய உறைகளுக்கு மின்காந்தத் தூண்டல் கருவியையும் ஓட்ட வேண்டும். செங்கல் இடிபாடு கொட்டிய இடங்களில் காந்தமானி பொய்யாகவும் கத்தும்.

பலர் கோட்டைவிடுவது இன்னொன்று. அலுவலகத்துக்கு அனுமதிக்கும் மண்மாசு அளவு பொதுவாக வீடுகளுக்கானதைவிடத் தளர்வானது. பின்னாளில் வளாகத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றால், அந்த மூலையை மறுபடி தோண்ட நேரும். அதனால் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1816-ல் தொடங்கி 1995-ல் மூடிய வாட்டர்டவுன் ஆயுதசாலை இன்று அலுவலக வளாகம். செறிவு குறைந்த யுரேனியத்தை (எரிபொருளுக்கான பகுதியைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கன உலோகம்) கையாண்ட இடம் அது. கதிரியக்க மிச்சத்தை அகற்றிய பிறகே கைமாறியது.

கேள்வி: 60 செ.மீ. செங்கல் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். சிமெண்ட் பூசினோம், ஈரம் இப்போது இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. ஏன்?

பதில்: ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தன் மேற்பரப்பு வழியாகத்தான் உலர்கிறது. அந்த வழியைச் சிமெண்ட் அடைத்தால், பூச்சு எங்கே முடிகிறதோ அதுவரை நீர் ஏறி அங்கே வெளியேறும். கூடவே வரும் உப்பு செங்கலின் முகத்துக்குப் பின்னால் படிகமாகி, அதைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும்.

முதலில் கூரைநீர்க் குழாயையும் வடிகாலையும் பாருங்கள். ஓதம் பல நேரம் அங்கிருந்துதான் வருகிறது. வெளித்தரை உயர்ந்துபோயிருந்தால் உள்தளத்தைவிட 15 செ.மீ. தாழ இறக்குங்கள். சிமெண்டைக் கையுளியால் எடுங்கள். மின்னுளி செங்கல் விளிம்பைத் தின்றுவிடும். செங்கற்களுக்கு இடையிலுள்ள காரை இணைப்புகளை அவற்றின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., சுரண்டுங்கள். பிறகு நனைத்து, நீரில் இறுகும் சுண்ணாம்பு 1 பங்கு, கூர்மணல் (முனை மழுங்காத கரடான மணல்) 2½ பங்கு என்ற கலவையால் நிரப்பி, ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரம் காயவிடாமல் வையுங்கள். 5 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் வேலையை நிறுத்துங்கள்.

அதன்பின் காத்திருக்கத்தான் வேண்டும். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. இரு புறமும் உலர்ந்தாலும் உங்கள் சுவருக்கு ஒரு வருடம் ஆகும். உள்ளலங்காரக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், கேட்காதீர்கள். அதற்குள் வெப்பக்காப்புப் பலகையும் பிளாஸ்டிக் தாளும் ஒட்டினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

கேள்வி: மாடியின் மரத்தளம் அலுவலகத்தைத் தாங்குமா?

பதில்: சாதாரண அலுவலகத்துக்குச் சதுர மீட்டருக்கு 250 கிலோ என்ற அளவில் கணக்கிடுவார்கள். கிடங்குகள் பெரும்பாலும் இதைத் தாங்கும்; படுக்கைக் கூடங்களைக் கணக்குப் போடாமல் நம்ப வேண்டாம். உத்திரத்தை நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அழுகல் சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஆரம்பிக்கும். அங்கே மெல்லிய ஊசித்துளையிட்டு, துளைக்கும்போது மரம் காட்டும் எதிர்ப்பை அளக்கும் கருவி உண்டு. நிரம்பிய சர்வர் அலமாரி ஒன்று டன் கணக்கை நெருங்கும், அதுவும் அரைச் சதுர மீட்டர் சொச்சத்தில். அதைத் தரைத்தளத்திலேயே வையுங்கள்.

கேள்வி: எதையுமே இடிக்கக் கூடாதா?

பதில்: அப்படியில்லை. சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோ 1776-ல் ஸ்பானியர் அமைத்த படைத்தளம். அமெரிக்க ராணுவம் 1994-ல் வெளியேறியது. அங்கே பழைய செங்கல் குடியிருப்புகளை வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்துக் கான்கிரீட் மருத்துவமனையை இடித்தார்கள். அந்த இடத்தில் சுமார் 23 ஏக்கரில் லூகாஸ்ஃபிலிம் அலுவலகங்கள் 2005-ல் திறந்தன. கார் நிறுத்தம் நிலத்தடிக்குப் போனது. எது எந்தக் காலத்தது என்று கட்டடம் கட்டடமாகப் பட்டியலிட்டபின் முடிவெடுங்கள். மைதானத்தை மட்டும் காலியாகவே விடுங்கள். அது இல்லாவிட்டால் சுற்றியுள்ள கட்டடங்கள் ஏன் அப்படி வரிசையில் நிற்கின்றன என்பதே புரியாது.

கேள்வி: வைஃபை?

பதில்: இந்தச் சுவரை எளிதில் தாண்டாது. அறைக்கு ஒரு கருவி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி. சுவரை வெட்டாமல், 10 செ.மீ. உயர்த்திய தளத்துக்கடியில் கம்பியைக் கொண்டுபோங்கள்; கதவு நிலைகளின் உயரத்தை முன்பே அளந்துகொள்ளுங்கள்.