சர்க்கரை நோய் புதிதாகத் தெரியவந்தவர்களின் சாப்பாட்டுக் கேள்விகள்

டைப் 2 சர்க்கரை நோய் இருப்பதாகச் சமீபத்தில் தெரிந்துகொண்டவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பலரும் முதல் வாரத்திலேயே பாதி உணவுகளை விலக்கிவிட்டு, பசியோடும் பயத்தோடும் எழுதுகிறார்கள். அவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லை.

எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.8 என்று வந்ததிலிருந்து சோற்றை அடியோடு நிறுத்திவிட்டேன். மூன்று வேளையும் கோதுமைதான். அப்படியும் சாப்பிட்ட பின் 230 காட்டுகிறதே?

அரிசியை விட்டீர்கள், ஆனால் மாவுச்சத்து குறையவில்லை. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. காய்ந்த கோதுமை மாவு 100 கிராமில் 70 கிராமுக்கு மேல். கோதுமையில், அதுவும் முழுக் கோதுமையில், நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல் என்பது சரிதான். ஆனால் அதை நம்பி வயிறு நிறையச் சாப்பிட்டால் மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமாக ஒரு வேளைக்குப் போட்டுக்கொள்ளும் சோற்றை ஒரே ஒரு முறை தராசில் வைத்துப் பாருங்கள். 300 கிராம் வந்தால், அந்த ஒரு வேளையிலேயே 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது. நிறையப் பேர் இதைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள்.

இனி தட்டை இப்படிப் பிரியுங்கள்: பாதித் தட்டு காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி போன்ற புரதம். மீதிக் கால் பங்கில் சோறோ கோதுமையோ, எது பிடிக்கிறதோ அது. உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது, சோற்றுப் பங்கில்தான் சேரும். தட்டும் பெரிதாக இருக்கக் கூடாது, 23 சென்டிமீட்டர் அகலம் போதும். முதலில் காயையும் புரதத்தையும் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டுப் பாருங்கள். அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறுவது பலருக்குக் குறைகிறது. செலவில்லாத வழி என்பதால் இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பழமே சாப்பிடக் கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். முழுப் பழமாக, ஒரு தடவைக்கு ஒன்று. வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட கையோடு வேண்டாம், இடைவேளையில் சாப்பிடுங்கள். ஜூஸை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு மூன்று பழங்களாவது பிழிய வேண்டும். நார் சக்கையோடு போய்விடும், சர்க்கரை முழுக்க டம்ளருக்கு வந்துவிடும். உலர்ந்த திராட்சை, பேரீச்சையும் அப்படித்தான்: கைப்பிடி சிறியது, சர்க்கரை அதிகம்.

சர்க்கரைக்குப் பதில் தேன்?

வேண்டாம். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். 'சர்க்கரை சேர்க்காதது' என்று அச்சிட்ட பிஸ்கட்டிலும் மாவு இருக்கிறது. பாக்கெட்டின் பின்புறம் மொத்த கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள்.

இரவு சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் வெறும் வயிற்றில் 150 இருக்கிறது. எங்கிருந்து வருகிறது?

உங்கள் கல்லீரலிலிருந்து. விடியும் நேரத்தில் சில ஹார்மோன்கள் கூடும், கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து குளுக்கோஸை ரத்தத்தில் விடும். எல்லோருக்கும் நடப்பதுதான். இன்சுலின் சரியாக வேலை செய்கிறவர்களுக்கு அது உடனே அடங்கிவிடும், உங்களுக்கு அடங்குவதில்லை. பட்டினி கிடந்தால் இது சரியாகாது. இரவு சீக்கிரமாக, அளவாகச் சாப்பிடுங்கள். அப்புறம் ஒரு சின்ன நடை. அப்படியும் இறங்காவிட்டால் மருந்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டர் பார்க்கட்டும்.

காலையில் மட்டும் பார்த்துவிட்டு மீட்டரை மூடி வைக்காதீர்கள். உங்கள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது ஜோடி எண்கள்தான்: சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. பெரியவர்களில் பலருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு முன்பு 80 முதல் 130, பின்பு 180-க்குள். உதாரணத்துக்கு, காலை உணவுக்கு முன் 124, பின் 212 என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மாவுப் பண்டத்தைப் பாதியாக்கி ஒரு முட்டை சேருங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். மீண்டும் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்தால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். இப்படி ஒரு வாரம் பார்த்தால் உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்பது உங்களுக்கே புரியும். எந்தப் பட்டியலும் அதைச் சொல்லாது.

மாத்திரை போடுகிறேன், சாப்பாட்டையும் நன்றாகக் குறைத்துவிட்டேன். நேற்று மாலை கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. இது நல்ல அறிகுறியா?

இல்லை. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். கிளைமிபிரைட், கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் போட்டால் அரிது. அந்த நேரத்தில் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், ஏறாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும். நேற்று நடந்ததை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாடு குறைந்தால் மருந்தின் அளவும் குறைய வேண்டியிருக்கும்.

எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைப் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தவோ நீண்ட நேரம் பட்டினி இருக்கவோ வேண்டாம். உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரலாம். சர்க்கரை எண் பெரிதாக ஏறாமலேயே இது நடக்கும் என்பதுதான் பயம். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு வந்தால் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எனக்கு மட்டும் தனிச் சமையலா?

தேவையே இல்லை. நீங்கள் சாப்பிட வேண்டியதை வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம், குழந்தைகள் உட்பட. அவர்கள் தட்டில் சோறு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

இது முழுதாகப் போய்விடுமா?

மருந்தில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலை சாத்தியம். மருந்தை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் அப்படிச் சொல்கிறோம். 2017-இல் வெளியான பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், நோய் தெரிந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, உடல் பருமன் உள்ளவர்களுக்குச் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஓராண்டில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த நிலைக்கு வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். எல்லாம் மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

அவ்வளவு எடை குறையாவிட்டாலும் மனம் தளராதீர்கள். பருமனாக இருப்பவர் ஐந்து சதவீதம் குறைத்தாலே எண்கள் இறங்கத் தொடங்கும். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்கள், முயலாமலே எடை குறைந்துகொண்டே போகிறவர்கள் இந்த வழியில் இறங்கக் கூடாது. உங்களுக்கு வந்திருப்பது டைப் 2 தானா என்பதை முதலில் டாக்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். மருந்து நின்ற பிறகும் வருடத்துக்கு ஒரு முறையாவது எச்பிஏ1சி பார்க்க வேண்டும், எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பலாம்.