மலைச்சுவருக்குக் கீழே ஒரு கவுண்டி: வாசகர் கேள்வி – பதில்

ஹவாயில் உள்ள கலவாவோ, பரப்பளவில் அமெரிக்காவின் மிகச் சிறிய கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டே நிறையக் கடிதங்கள். இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

82 பேர் வாழும் இடத்துக்குத் தனி மாவட்டமா? கலெக்டர், தேர்தல் எல்லாம் உண்டா? – வாசகர், தென்காசி

தனி மாவட்டம்தான். ஆனால் கலெக்டர், உள்ளூர்த் தேர்தல் ஒன்றும் கிடையாது. மொலோக்காய் தீவின் வடகரையில் ஏறத்தாழ 31 சதுர கிலோமீட்டர் நிலம். 2020 கணக்கெடுப்பில் 82 பேர். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. மாநிலச் சுகாதாரத் துறைதான் நிர்வாகம். ஒரு ஷெரிஃப் உண்டு, அவரையும் அந்தத் துறையே நியமிக்கும்.

சுகாதாரத் துறை ஏன் ஊரை ஆள்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது. 1865-ல் அன்றைய ஹவாய் அரசர் ஐந்தாம் கமேஹமேஹா கையெழுத்திட்ட சட்டம், தொழுநோய் கண்டவர்களைப் பிடித்துத் தனிமைப்படுத்த அதிகாரம் தந்தது. 1866 ஜனவரி 6-ம் தேதி ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களும் முதன்முதலாக இங்கே இறக்கிவிடப்பட்டார்கள். 1905-ல் ஹவாயைக் கவுண்டிகளாகப் பிரித்தபோது, இந்தக் குடியிருப்பை மட்டும் மவுயி கவுண்டியில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தார்கள். நோயாளிகளைப் போலவே அவர்களுடைய நிலமும் தனியே போனது.

அங்கே போகச் சாலையே இல்லையாமே, உண்மையா? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

உண்மைதான். பல வருடம் புவியியல் நடத்தியவன் என்பதால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கிழக்கு மொலோக்காய் ஒரு பெரிய எரிமலை. சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அதன் வடபாதி அப்படியே சரிந்து கடலுக்குள் போனது. மிச்சம் நின்ற வெட்டுமுகம்தான் இன்று உலகின் மிக உயரமான கடலோரப் பாறைச்சுவர்களில் ஒன்று. சில இடங்களில் 1,000 மீட்டர் வரை நிற்கிறது. வெகுகாலம் கழித்து அதன் காலடியில் கவுஹாகோ என்ற சின்ன எரிமலை கிளம்பியது. அதன் குழம்பு பரவி ஆறியதால் உண்டானதுதான் இந்தக் குடியிருப்பு இருக்கும் கலௌபாபா என்ற தட்டையான நிலநாக்கு. மூன்று பக்கம் முரட்டுக் கடல், நாலாவது பக்கம் அந்தச் சுவர். இயற்கையே கட்டிவைத்த சிறை என்று அதிகாரிகள் கண்டார்கள்.

சுவரில் 26 கொண்டையூசி வளைவுகளோடு ஒரு நடைபாதை ஏறுகிறது. சிறு விமானங்கள் இறங்க ஓடுதளம் உண்டு. கார், எரிபொருள், கட்டுமானச் சாமான் போன்ற கனமான சரக்கெல்லாம் கோடையில் கடல் அடங்கும்போது வருடத்துக்கு ஒரு தடவை தோணியில் வரும்.

நோயாளிகள் வருமுன் அது வெற்றுநிலம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே ஹவாயியர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தார்கள். கலிஃபோர்னியா தங்க வேட்டைக் காலத்தில் இங்கே விளைந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அங்கே வரை கப்பலேறியது. அந்தப் பழங்குடும்பங்களில் கடைசியாக மிஞ்சியவர்களையும் 1895-ல் வெளியேற்றினார்கள்.

தமியான் அடிகளார் தனி ஒருவராக அந்த ஊரையே உருவாக்கினார் என்று மறைக்கல்வியில் படித்தோம். – வாசகி, வேளாங்கண்ணி

அம்மா, அடிகளார் மீது எனக்கு அளவில்லாத மரியாதை. பெல்ஜியத்தில் பிறந்தவர், 1873-ல் வந்தார், வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் போட உழைத்தார், புண்களைக் கழுவிக் கட்டினார், தானும் நோய் கண்டு 1889-ல் அங்கேயே இறந்தார். 2009-ல் புனிதர் பட்டம். அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு வந்த அன்னை மரியான் கோப், முப்பது ஆண்டுகள் அங்கேயே பணி செய்து 1918-ல் மறைந்தார்.

ஆனால் ‘தனி ஒருவராக’ என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் வருவதற்கு ஏழு வருடம் முன்பே, 1866-லேயே, நோயாளிகள் தாங்களே சிலோவாமா என்ற கிறிஸ்தவச் சபையைத் தொடங்கிவிட்டார்கள். நோயில்லாத சொந்தங்கள் பலர் உடன் வந்து உழைத்தார்கள். மவுயியில் நீதிபதியாக இருந்த ஜோனதன் நபேலா, மனைவிக்கு நோய் என்று தெரிந்ததும் பதவி, நிலம், செல்வாக்கு எல்லாவற்றையும் விட்டு அவரோடு வந்தார். அவருக்கும் தொற்றியது, 1879-ல் மனைவிக்கு முன்பே இறந்தார். பாடப்புத்தகத்தில் இவருக்கும் ஒரு பத்தி வேண்டும் என்பது என் விருப்பம்.

ஏறக்குறைய 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள், பெரும்பாலோர் ஹவாயியர். அங்கே பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். பார்க்க வரும் உறவினர்கள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேச முடியும். அப்படியிருந்தும் அவர்கள் கல்யாணம் செய்தார்கள், வாத்தியக்குழு நடத்தினார்கள், பேஸ்பால் ஆடினார்கள், தோட்டம் போட்டார்கள். பரிதாபத்தோடு மட்டும் அவர்களைப் பார்ப்பது போதாது.

நீரடிமுத்துக்கும் ஹவாய்க்கும் தொடர்பு உண்டா? – சித்த மருத்துவர், பாபநாசம்

உண்டு ஐயா. தொழுநோய்க்குச் சித்த மருத்துவம் கையாண்ட அந்த விதையின் மரமும், சால்முக்ரா எண்ணெய் தரும் மரமும் ஒரே பேரினம். அந்த எண்ணெயைக் குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் தோலுக்கடியில் கட்டிக்கொள்ளும். அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றி, ஊசி மருந்தாக்கியவர் ஹவாய்க் கல்லூரியின் இளம் கறுப்பின வேதியியலாளர் ஆலிஸ் பால். 1916-ல், 24 வயதில் இறந்துவிட்டார். கல்லூரித் தலைவர் அவர் பெயரைச் சொல்லாமலே அந்த வேலையை வெளியிட்டார். 2000-ல்தான் பல்கலைக்கழகம் வளாகத்திலுள்ள சால்முக்ரா மரத்தடியில் அவர் பெயரைப் பதித்தது. உண்மையாகவே நோயை அடக்கிய சல்ஃபோன் மாத்திரைகளும் ஊசிகளும் கலௌபாபாவுக்கு 1946-ல் வந்தன.

மருந்து வந்துவிட்டதே, ஏன் அங்கேயே இருந்தார்கள்? – வாசகர், மதுரை

மருந்து வந்தும் தனிமைச் சட்டம் 1969 வரை நீங்கவில்லை. சிறுவயதில் பிடித்துவரப்பட்டவர்களுக்கு அதற்குள் அதுதான் சொந்த ஊராகிவிட்டது. நண்பர்கள், துணை, கல்லறைகள் எல்லாம் அங்கே. வெளியே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜனங்கள். விரும்பியவர்கள் ஆயுள் முழுக்க இருக்கலாம் என்று அரசு உறுதி தந்தது. 1980-ல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவும் ஆனது.

நாமும் பெருமைப்பட ஏதுமில்லை. வெள்ளைக்காரன் போட்ட 1898-ம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டத்தை நாம் நீக்கியது 2016-ல். தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு 2019-ல்தான் போனது.

குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாமா? – வாசகர், அமெரிக்காவில் வசிப்பவர்

முன்அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அனுமதிப்பதில்லை. அங்கே வசிப்பவர்களை அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் படமெடுக்கவும் கூடாது. செல்லுமுன் அன்றைய நிலவரத்தைத் தேசியப் பூங்கா அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.