தலைக்கணக்கும் படிப்புக்கணக்கும்: இந்தியா, சீனா (கேள்வி பதில்)

இந்தியா, சீனா ஆகிய இரு நாடுகளின் நீண்டகால மக்கள்தொகை முன்கணிப்பைக் கல்வித் தகுதிவாரியாக ஒப்பிடுவது குறித்துக் கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

ஜெலுத்தோங் வாசகர்: 2100இல் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஐ.நா. சொல்லிவிட்டதே, ஐயா. அதில் கல்வியை வேறு ஏன் நுழைக்க வேண்டும்?

சொன்னது உண்மைதான்; எத்தனை முறை மாற்றிச் சொன்னது என்பதையும் பாருங்கள். 2100இல் சீனாவில் ஏறத்தாழ 767 மில்லியன் பேர் இருப்பர் என்றது 2022ஆம் ஆண்டு வெளியீடு. 2024 வெளியீட்டில் அதுவே 633 மில்லியன் ஆயிற்று. இந்தியாவுக்கு இரண்டிலும் 1,500 மில்லியனை ஒட்டிய எண்தான். இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளைப் பற்றிய அனுமானம் சற்றே மாறினால் தலைக்கணக்கு இப்படி ஆடிவிடும். படிப்புக்கணக்கு அவ்வளவு எளிதில் ஆடாது. பெரும்பாலோர் முப்பது வயதுக்குள் படிப்பை முடித்துவிடுவதால், 2060இன் முதியோர் என்ன படித்திருப்பார்கள் என்பது இன்றைக்கே தெரிந்த செய்தி.

செந்தூல் ஆசிரியை: இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வியன்னாவின் விட்கென்ஸ்டைன் மக்கள்தொகை ஆய்வு மையத்தில் வுல்ஃப்காங் லுட்ஸ், சமீர் கே.சி. முதலியோர் வளர்த்தெடுத்த முறை இது. ஒவ்வொரு நாட்டின் மக்களையும் வயது, பால், கல்வி என மூன்று வகையிலும் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி இறப்பு வீதமும் பிள்ளைப்பேறும் கொடுத்து, ஐந்தைந்து ஆண்டுகளாக முன்னே நகர்த்துவார்கள். இந்தியாவில் இன்று பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத முப்பது வயதுப் பெண், உயிரோடிருந்தால், 2060இல் அறுபத்தைந்து வயதில் அதே கட்டத்தில்தான் நிற்பார். பேத்தி பட்டதாரி ஆவதால் பாட்டியின் கட்டம் மாறிவிடாது என்பது நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அம்மா.

ஆகவே என் முதல் எச்சரிக்கை: வயதைப் பிரிக்காமல் இரு நாட்டை ஒப்பிடாதீர்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: சராசரிப் பள்ளி ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டால் போதாதா?

போதாது. சீனா 1950களிலிருந்தே தொடக்கக் கல்வியைப் பரவலாக்கி, 1986இல் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்விச் சட்டமும் கொண்டுவந்தது. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் சீனாவில் இடைநிலைப் பள்ளிவரை படித்த நடுத்தட்டு பெருத்திருக்க, இந்தியாவில் ஒரு முனையில் பட்டதாரிகளும் மறுமுனையில் பள்ளிக்கே போகாதவர்களும் குவிந்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைச் சராசரி விழுங்கிவிடும். வயதைப் பிரிக்காத சராசரி இன்னும் மோசம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பொறியாளர்: சீனாவில் பிள்ளைப்பேறு குறைந்தது ஒரு குழந்தைக் கொள்கையால். கல்விக்கு ஏன் அந்தப் பெருமை?

அந்தக் கொள்கை 1979–80இல் வந்தது. 1970இல் ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளையை நெருங்கியிருந்த கருவள வீதம், அதற்குள்ளாகவே மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மீண்டும் அவரே: எழுபதுகளிலும் 'தாமதமாக, இடைவெளிவிட்டு, குறைவாக' என்று அரசு இயக்கம் நடத்தியதே?

நடத்தியது, உங்கள் மறுப்பு நியாயமானது. அரசின் அழுத்தத்தையும் கல்வியின் பங்கையும் சீனத் தரவை மட்டும் வைத்துப் பிரித்தெடுப்பது கடினம். இந்தியாவுக்கு வாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பள்ளிக்கே போகாத பெண்களின் கருவள வீதம் 2.8, பன்னிரண்டு ஆண்டும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8.

பத்துமலை வாசகர் (குறுக்கிட்டு): தமிழ்நாட்டில் படிக்காத பெண்களும் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்களே!

நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் படித்தவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தே பலர் மாறினார்கள்; குடும்பநலத் திட்டமும் வலுவாக இருந்தது. இதனால் கல்விக்குப் பங்கில்லை என்றாகிவிடாது. படிப்புக்கேற்ற இடைவெளி நாளடைவில் சுருங்கும் என்பதே இதன் பொருள். 2.8, 1.8 என்ற இடைவெளியை அப்படியே 2100 வரை இழுத்துச் செல்பவர் இந்தியாவின் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கிவிடுவார். கவனமான முன்கணிப்புகள் அதைச் சுருக்கியே கணக்கிடுகின்றன. பொறியாளர் ஐயா இன்னும் இரு மடல்கள் அனுப்பியிருக்கிறார். இரண்டுக்கும் இதுவே பதில்.

பிறை, கெப்போங், நிபோங் திபால் வாசகர்கள்: 2100இல் மலேசிய இந்தியர் எத்தனை விழுக்காடு?

வியன்னா முன்கணிப்பு இனவாரியாகப் பிரிப்பதில்லை. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் 2010–2040 முன்கணிப்பில் இனவாரி அட்டவணை உண்டு, அங்கே பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: 2100இல் மலேசிய இந்தியர்...

மேலே உள்ள பதில்.

கெப்போங் மாணவி: முன்கணிப்பில் எடுத்துக்கொள்ளும் எதிர்காலச் சூழ்நிலைகளான எஸ்எஸ்பி1, எஸ்எஸ்பி2, எஸ்எஸ்பி3 ஆகியவற்றுள் எது நடக்கும்?

எதுவும் ஆரூடம் அன்று. முதலாவது கல்வி விரைந்து பரவினால், இரண்டாவது இதுவரை போன போக்கில் போனால், மூன்றாவது பள்ளி விரிவாக்கம் தேங்கினால். இந்தியாவுக்கு முதலாவதையும் சீனாவுக்கு மூன்றாவதையும் எடுத்து ஒப்பிடுவது மட்டும் கூடாது, அதையும் செய்திருக்கிறார்கள்.

பினாங்கு ஆய்வு மாணவர்: எந்த ஆண்டை வைத்து ஒப்பிடலாம்?

2060 போதும். அப்போது அறுபதைக் கடந்திருக்கும் அனைவரும் 2000க்குள் பிறந்தவர்கள். அவர்கள் படிப்பு ஏறக்குறைய முடிந்த கணக்கு. 25–34 வயதினரை வேறொரு பத்தியில் வையுங்கள். சூழ்நிலைக்கு ஒன்றாக எண் மாறுவது அங்கேதான்.