ஃபிலிப்பினோ தோழி விருந்துக்குக் கூப்பிடுகிறார், போகலாமா?

கேள்வி: நாங்கள் நியூயார்க் குயின்ஸில் இருக்கிறோம். மாடி வீட்டு ஃபிலிப்பினோ நர்ஸ், என் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க உடன் இருந்தவர். தன் பிறந்தநாளுக்கு ரூஸ்வெல்ட் அவென்யூவில் உள்ள ஓட்டலுக்கு எங்கள் எல்லோரையும் அழைத்திருக்கிறார். நாங்கள் கோழி, மீன் சாப்பிடுவோம். பன்றியும் மாடும் சாப்பிட மாட்டோம். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார் சுத்த சைவம். வாடை வேறு பயமாக இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி, பொய் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளைக்காகக் கண்விழித்த நர்ஸிடமா உடம்பு சரியில்லை என்பது? மருந்தோடு மாடியிறங்கி வந்துவிடுவார்!

இன்றைக்கே அவரிடம் எது சாப்பிடுவீர்கள், எது மாட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் மேஜையில் சொன்னால்தான் சங்கடம். லும்பியா என்கிற பொரித்த சுருளுக்குள் பெரும்பாலும் பன்றிக்கொத்துதான். பன்சிட் நூடுல்ஸிலும் துண்டுகள் கிடக்கும். கரே-கரே மாட்டுவால் குழம்பு. முன்னாலேயே தெரிந்தால் கோழி அடோபோ, மீன் என்று பார்த்துச் சொல்லிவைப்பார். அடோபோ என்பது வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரியாணி இலை போட்டு வேகவைத்தது. சாதத்தோடு நன்றாகச் சேரும்.

எனக்குப் பிடித்தது சினிகாங். முதல் முறை ஒரு கரண்டி வாயில் வைத்ததும் நம் வீட்டு ரசம்தான் நினைவுக்கு வந்தது. புளியைத்தான் கரைக்கிறார்கள், அவர்கள் மொழியில் சம்பலோக். முள்ளங்கி, வெண்டைக்காய், தக்காளி, கீரை எல்லாம் கிடக்கும், நீளப் பச்சைமிளகாய் ஒன்று முழுசாக மிதக்கும். இறால் அல்லது பால்மீன் போட்டது கேளுங்கள், பன்றி போட்டும் செய்வார்கள். டினோலா கிடைத்தால் அதையும் விடாதீர்கள்: இஞ்சி, கோழி, பச்சைப் பப்பாளி, முருங்கைக்கீரை. முருங்கைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மலுங்காய்!

வாடை என்று நீங்கள் பயப்படுவது பாகூங்காக இருக்கும். இறாலையோ மீனையோ உப்பிட்டு ஊறவைத்த விழுது. கருவாடு சுடும் வாடைக்குப் பழகிய நமக்கு அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. தனிக் கிண்ணத்தில் வைத்தால் தள்ளி வைத்துவிடலாம். ஆனால் மாமியார் விஷயத்தில் கவனம். பினாக்பெட் பார்வைக்குப் பாகற்காய், கத்தரி, பூசணி போட்ட கூட்டு மாதிரியே இருக்கும், பாகூங் கலந்தது. லாயிங்கும் சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்ததுதான், ஆனால் அதிலும் உலர்ந்த இறாலோ மீனோ சேர்ப்பார்கள். இலையைப் பார்த்து சைவம் என்று நம்பிப் பரிமாறிவிடாதீர்கள். மாமியார் கிளம்பும் முன்பே வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வரட்டும். அங்கே ஹாலோ-ஹாலோ வாங்கிக் கொடுங்கள்: துருவிய ஐஸ், பால், இனிப்புப் பயறு, பலாச்சுளை. மேலே வைக்கும் கஸ்டர்டில் முட்டை இருக்கும், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மேஜையில் கத்தி இருக்காது. வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க். ஸ்பூன் ஓரத்தாலேயே கறியை வெட்டுவார்கள். வாழையிலை விரித்துச் சோற்றைக் குவித்து எல்லோரும் கையால் சாப்பிடும் விருந்தும் உண்டு, கமாயன் என்று பெயர். அப்படி வைத்தால் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லித்தரவே வேண்டாம். பன்சிட்டை மட்டும் வெட்டாமல் நீளமாகவே சாப்பிடுங்கள். பிறந்தநாளில் அது நீண்ட ஆயுளுக்கு.

பரிமாறும் பெண்ணை 'ஆத்தே' என்று கூப்பிடுங்கள், அக்கா என்று அர்த்தம். நன்றிக்கு 'சலமாத் போ'. அந்த 'போ' நம் 'ங்க' மாதிரி மரியாதைக்குச் சேர்ப்பது. எதுவும் புரியாமல் நின்றால், காட்சிக்கு வைத்திருக்கும் பாத்திரங்களை விரலால் சுட்டிக் கேளுங்கள். சுட்டிக் காட்டி வாங்கும் கடைக்கு 'துரோ-துரோ' என்றே பெயர்.

பில்லைப் பிடுங்காதீர்கள். பிறந்தநாள்காரர்தான் செலவு செய்வது அவர்கள் வழக்கம். ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று தோன்றினால், அடுத்த சனிக்கிழமை அவரை 7-ஆம் நம்பர் ரயிலில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனுக்கு அழைத்துப் போங்கள். மசால் தோசை வாங்கித் தாருங்கள். மாமியாரும் அன்று பக்கத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடலாம்.