மாத்திரையை நிறுத்திவிட்டு ஹிப்னோதெரபிக்குப் போகலாமா?

கேள்வி: ஏழு மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் காலையில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாக இருக்கிறது. நடந்து முடிந்ததையே மனசு அசைபோடுகிறது. ஹிப்னோதெரபி நாலே அமர்வில் மூளையை மாற்றிவிடும், அப்புறம் மாத்திரையே வேண்டாம் என்கிறாள் தோழி. போகலாமா? மயக்கத்தில் எதையாவது உளறிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஹிப்னோதெரபி என்பது ஹிப்னாடிசத்தின் துணையோடு, அதாவது கவனத்தை ஒன்றிலேயே குவித்த நிலையில் வைத்து, தரும் சிகிச்சை. அதில் யாரும் மயங்குவதில்லை, தூங்குவதும் இல்லை. சிகிச்சையாளர் பேசுவது காதில் விழும். பிடிக்காத கேள்விக்கு வாயை மூடிக்கொள்ளலாம், கண்ணைத் திறந்து எழுந்தும் வந்துவிடலாம். ஹிப்னாடிச நிகழ்ச்சி மேடையில் சேவல் மாதிரிக் கூவுகிறவர்கள் கூவத் தயாராகவே மேடையேறுகிறவர்கள். அது வேறு கதை.

மூளை விஷயத்தில் உங்கள் தோழி சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2016இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஹிப்னாடிசத்துக்கு எளிதில் வசப்படுகிறவர்களிடம், எதில் கவனம் வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் பகுதி ஒன்று அந்த நேரத்தில் அடங்கியது. நெற்றிக்குப் பின்னால், செயல்களைத் திட்டமிடும் பகுதிக்கும் உடல் உணர்வுகளைக் கவனிக்கும் இன்சுலாவுக்கும் இடையே தொடர்பு கூடியது. அதே திட்டமிடும் பகுதிக்கும், சும்மா இருக்கும்போது நம்மைப் பற்றியே யோசிக்கும் வலைப்பின்னலுக்கும் இடையே தொடர்பு குறைந்தது. நீங்கள் சொல்லும் அசைபோடலோடு சேர்த்துப் பேசப்படுவது இந்த வலைப்பின்னல்தான். அதனால்தான் இந்தத் துறையில் இவ்வளவு ஆர்வம். ஆனால் ஸ்கேனுக்கு வந்தவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்லர். பார்த்த மாற்றமும் ஹிப்னாடிச நிலையில் இருந்த சில நிமிடங்களுக்கு உரியது. மூளையையே மாற்றிவிடும் என்று இதை வைத்துச் சொல்வது ரொம்ப அதிகம்.

சிகிச்சையாகப் பலன் உண்டா? உண்டு. 2021இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், லேசானது முதல் நடுத்தரம் வரையிலான மனச்சோர்வு கொண்ட 152 பேரில் ஒரு பாதிக்கு ஹிப்னோதெரபியும் மறுபாதிக்கு எண்ணப் போக்கைத் திருத்தும் சி.பி.டி. சிகிச்சையும் கொடுத்தார்கள். ஹிப்னோதெரபி சளைக்கவில்லை. ஆனால் அது ஏறக்குறைய ஆறு மாதம், 16 முதல் 20 அமர்வு வரை நடந்தது. நாலு அமர்வில் முடிக்கிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அமர்வில் நடப்பது இதுதான்: மூச்சைக் கவனித்தபடி உடல் தளர்ந்ததும், நாளைக் காலையைக் கற்பனை செய்யச் சொல்வார்கள். போர்வையை விலக்குகிறீர்கள், கால் தரையில் படுகிறது, தரை சில்லென்று இருக்கிறது, ஜன்னல் வரை நடக்கிறீர்கள். கவனம் சிதறாத நேரத்தில் இந்த ஒத்திகை நன்றாகப் பதியும். சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் வசப்படாது. அது உங்கள் குறையும் அல்ல, மன உறுதிக்கான அளவுகோலும் அல்ல.

என் கருத்து இது. ஹிப்னாடிசம் சிகிச்சையைக் கொண்டுசேர்க்கும் ஒரு வழி, அவ்வளவுதான். அது இல்லாமலும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தரத் தகுதியுள்ள மனநல மருத்துவரோ உளவியலாளரோ செய்தால் போங்கள். பழைய ஞாபகத்தைத் தோண்டுகிறேன், முற்பிறவிக்குக் கூட்டிப்போகிறேன் என்பவரிடம் வேண்டாம். அந்த நிலையில் கற்பனையே நிஜ நினைவாக ஒட்டிக்கொள்ளலாம். முன்பு எப்போதாவது யாரும் இல்லாதபோதும் குரல்கள் கேட்டிருந்தாலோ, அளவுமீறிய உற்சாகத்தில் தூக்கமின்றி நாள்கள் கழிந்திருந்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் எந்த அமர்வுக்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம், நோயும் திரும்பலாம். காலை நேரம் இன்னும் பாரமாக இருப்பதை அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டுமா என்று அவர் பார்ப்பார். ஹிப்னோதெரபியைக் கூடவே சேர்த்துக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.