இஃப் வாக்கியத்துல ரெண்டாவது பாதிக்கு வில்லா, வுட்டா, வுட் ஹேவா?

இஃப் போட்ட பாதி புரியுது, அதோட ரிசல்ட்ட சொல்ற பாதியிலதான் வில் எப்போ, வுட் எப்போ, வுட் ஹேவ் எப்போன்னு தெரியலன்னு கேட்டிருக்கீங்க. தமிழ் மீடியத்துல படிச்ச எனக்கும் இதே இடத்துலதான் ரொம்ப வருஷம் குழப்பம் இருந்துச்சு.

காரணம் நம்ம பேச்சுலயே இருக்குங்க. "காசு இருந்தா வாங்குவேன்"னு சொல்றோம்ல, காசு வர்ற மாதிரி இருந்தாலும் அதேதான், சுத்தமா இல்லன்னாலும் அதேதான், எந்த அர்த்தம்னு சொல்றவங்க குரல வச்சு நாமளே புரிஞ்சுக்குவோம். இங்கிலீஷ்ல இத ரெண்டா பிரிச்சே ஆகணும். வர வாய்ப்பிருந்தா "இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை இட்". கையில இல்லவே இல்லன்னா "இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை இட்". அந்த ஹேட்ட பாத்து நேத்து கதைன்னு நினைச்சிராதீங்க, இப்போ இல்லங்கறதத்தான் அது சொல்லுது.

வேலை தேடிட்டு இருந்தப்போ ஒரு கம்பெனிலருந்து மெயில் வந்துச்சு, "இஃப் வி ஹேட் எ வேகன்சி, வி வுட் கால் யூ"ன்னு. நான் அத "இடம் இருந்தா கூப்பிடுவோம்"னு படிச்சிட்டு ரெண்டு மாசம் வேற எங்கயும் அப்ளை பண்ணாம போனையே பாத்துட்டு இருந்தேன். எதிர் வீட்டு அக்காகிட்ட காட்டினப்போதான், "தம்பி, வுட் போட்டிருக்காங்க பாரு, இடம் இல்லன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்கடா"ன்னாங்க. ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

வுட் ஹேவ் நமக்கு சுலபம், ஏன்னா தமிழ்ல அப்படியே இருக்கு. "நீ வந்திருந்தா நான் பாத்திருப்பேன்", அதாவது "இஃப் யூ ஹேட் கம், ஐ வுட் ஹேவ் சீன் யூ". முடிஞ்சு போனது, நடக்காதது. வந்திருந்தாவுக்கு ஹேட் கம், பாத்திருப்பேனுக்கு வுட் ஹேவ் சீன்.

எப்பவும் நடக்குற விஷயத்துக்கு மட்டும், "ஐஸ சூடு பண்ணா உருகும்"னு நாம சொல்றதால வில் மெல்ட்னு வாய்ல வரும், தப்பில்ல, ஆனா சும்மா மெல்ட்ஸ்னு சொல்றதுதான் வழக்கம். இஃப் பாதியில வில் வேண்டாம், "இஃப் இட் ரெய்ன்ஸ்" போதும்.

இன்னொன்னு, "அப்பவே ஒழுங்கா படிச்சிருந்தா இப்போ நல்ல வேலையில இருப்பேன்"னு ஒருத்தர் சொன்னா, இருப்பேன்னு வருதேன்னு வுட் ஹேவ் போட்டுடாதீங்க. படிக்காதது அன்னைக்கு, வேலை இல்லாதது இன்னைக்கு. அதனால முதல் பாதி "இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் வெல்", ரெண்டாவது பாதி "ஐ வுட் பி இன் எ குட் ஜாப் நவ்".