சட்டக் கல்லூரி முதலாண்டு: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணன்,

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து இந்த ஆண்டு மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் பாதி புரிவதில்லை. சிலர் ஆங்கிலத்தில் சரளமாகக் கேள்வி கேட்கிறார்கள். சீனியர்கள் கைடு வாங்கி மனப்பாடம் செய் என்கிறார்கள். செய்தும் பார்த்தேன், நிற்கவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் முடித்துவிட்டு அடுத்த ஆண்டு திரும்பி வரலாமா?

(முதலாண்டு மாணவர், தேனி மாவட்டம்)

அன்புள்ள தம்பி,

வேண்டாம். ஸ்போக்கன் இங்கிலீஷுக்குப் போகிற ஒரு வருடத்தில் ஆங்கிலம் கொஞ்சம் வரலாம், சட்டம் வராது. உங்களுக்கு மொழி தடையாக இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது, ஆனால் சரளமாகக் கேள்வி கேட்கிற அந்தச் சிலரிடம் தனியாக உட்கார்ந்து பேசிப் பாருங்கள், அவர்களுக்கும் பாதி புரியவில்லை, அதை நல்ல ஆங்கிலத்தில் மறைக்கத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கைடு ஏன் நிற்கவில்லை? அதில் முடிவு மட்டும் இருக்கிறது, தகராறு இல்லை. காண்ட்ராக்ட் வகுப்பில் மோஹரி பீபி வழக்கு வந்திருக்கும். 'மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, பிரிவி கவுன்சில், 1903' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். (பிரிவி கவுன்சில் என்பது ஆங்கிலேயர் காலத்தில் இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்.) நடந்தது என்ன? கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர், வட்டிக்கடைக்காரர் பிரம்மோ தத்திடம் 20,000 ரூபாய்க்குச் சொத்தை அடமானம் எழுதிக் கொடுக்கிறார். பையன் மைனர் என்று அவன் அம்மா தரப்பிலிருந்து முன்கூட்டியே கடிதம் போயிருக்கிறது, கடன் கொடுத்தவரின் ஆளுக்கு அது தெரியும். அடமானம் செல்லாது என்று பையன் தரப்பு வழக்குப் போடுகிறது. (மோஹரி பீபி யார் என்கிறீர்களா? பிரம்மோ தத் இறந்த பிறகு வழக்கைத் தொடர்ந்த அவருடைய தரப்பைச் சேர்ந்தவர்.)

இதை வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லுங்கள். 'வாங்கின காசைத் திருப்பித் தராமல் போவதா நியாயம்?' என்று கேட்பார். பிரிவி கவுன்சில் முன்னால் கடன் கொடுத்தவர் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்று கிட்டத்தட்ட அதுதான். இப்போது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைத் திறந்து யாருக்கு ஒப்பந்தம் செய்யத் தகுதி உண்டு என்று சொல்கிற பிரிவு 11ஐப் படியுங்கள், அப்புறம் பணத்தைத் திருப்புவது பற்றிய 64, 65. அந்த இரண்டும் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்களுக்கிடையே நடந்ததற்குத்தான் பொருந்தும், இங்கே அந்தத் தகுதியே இல்லை என்றது பிரிவி கவுன்சில். இதற்குப் பிறகு மறக்குமா? உங்களுக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்காமல் போனால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு வழக்கையும் இப்படித் தமிழில் அரைப் பக்கம் எழுதுங்கள்: யார், என்ன தகராறு, எந்தப் பிரிவு, ஏன் அப்படித் தீர்ப்பு. அதன் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. கையில் கைடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேர் ஆக்ட் (Bare Act, விளக்கவுரை இல்லாமல் சட்டத்தை மட்டும் அச்சிட்ட புத்தகம்) இருக்க வேண்டும்.

கிரிமினல் சட்டத்தில் மட்டும் சீனியர் நோட்ஸைக் கவனமாகப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 இல்லை, 103. ஆனால் பழைய தீர்ப்புகள் எல்லாம் 302 என்றுதான் பேசும், அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்றும் பழைய சட்டம்தான், ஆகவே இரண்டு எண்ணும் வேண்டும். எரிச்சலான வேலைதான்.

உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் வேண்டும், அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது உறுப்பு அப்படி. ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சி தமிழில்தான் பேசுகிறார், குறுக்கு விசாரணையும் தமிழில்தான். அங்கே நன்றாகத் தமிழ் கேட்கத் தெரிந்த வக்கீலுக்கு இருக்கிற பலம் கொஞ்சநஞ்சமல்ல. கல்லூரிக்கு லீவு, கோர்ட் உண்டு என்கிற நாளில் பக்கத்து முன்சீப் கோர்ட்டில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள், யாரும் எழுப்பிவிட மாட்டார்கள்.

மூட் கோர்ட்டுக்கு (மாணவர்கள் வாதாடிப் பழகுகிற மாதிரி நீதிமன்றம்) இந்த செமஸ்டரிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். திக்கினால் திக்கட்டும்.